போர்டு அழிந்துபோன சலூன்: பையன்களைக் கூட்டிப்போகிறவர்களுக்கு

முதலிலேயே குறைகளைச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் நாளைக்குப் போய்விட்டு வந்து என்னைத்தான் திட்டுவீர்கள். ஏசி கிடையாது. தலையைப் பிடித்துவிட ஆள் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் போனால் ஒன்றரை மணி நேரம் பெஞ்சில் காத்திருக்க வேண்டும், அந்தப் பெஞ்சுக்கு ஒரு கால் ஆடும், ஆடாமலிருக்க அடியில் மடித்து வைத்த அட்டை நான் முதல்முறை போனபோது பார்த்த அதே அட்டைதான். டிவி ஓடிக்கொண்டே இருக்கும், சத்தத்தைக் குறைக்கச் சொன்னால் ரிமோட்டைத் தேடுவார்கள், கிடைக்காது. இவ்வளவும் தெரிந்தும், பத்தாவது படிக்கிற என் பையனுக்கு இரண்டு வருடமாக இந்த ஒரே கடைதான்.

கோபிச்செட்டிபாளையத்தில், பேருந்து நிலையத்திலிருந்து நடந்து போகிற தூரம். கடைக்கு ஒரு காலத்தில் பெயர் இருந்திருக்க வேண்டும், வெயில் தின்றது போக போர்டில் ஒரு கத்திரிக்கோல் படம் மட்டும் மிச்சம். ஊரில் எல்லாரும் அண்ணன் கடை என்றுதான் சொல்வார்கள். இரண்டு நாற்காலி, ஒன்று அவருக்கு, இன்னொன்று உதவிக்கு இருக்கிற பையனுக்கு. சின்னக் குழந்தைகள் வந்தால் நாற்காலியின் கைப்பிடிகள் மேல் ஒரு பலகையைப் போட்டு அதில் உட்கார வைப்பார். ஒருநாள் ஒரு பொடுசு, ஆறு வயது இருக்கும், பலகையில் உட்கார மாட்டேன், நான் பெரியவன் என்று அழுது ஆர்ப்பாட்டம் பண்ணினான். அவனுடைய அப்பாரு அதட்டினார். அண்ணன் ஒன்றும் சொல்லாமல் பலகையை எடுத்துச் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டு, கீழே உட்கார்ந்தவனுக்கு ஏற்றபடி தன் இடுப்பை மடக்கிக்கொண்டு இருபது நிமிடம் வெட்டினார்.

இந்தக் கடைக்கு நாங்கள் வந்ததே ஒரு கண்ணீர்க் கதை. பையன் எட்டாவது முடித்த லீவில், அவன் மாமன் கொடுத்த காசை எடுத்துக்கொண்டு இரண்டு கூட்டாளிகளோடு ஒரு பெரிய ஏசி கடைக்குப் போயிருக்கிறான். எந்தக் கடை என்று எழுத மாட்டேன். பதின்மூன்று வயதுப் பையனின் தலையில் சாயம் அடிக்கிறோமே, வீட்டில் ஒரு வார்த்தை கேட்போம் என்று அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை. பக்கத்தில் கோடு போட்டு, மேலே செம்பட்டையாக ஒரு பட்டை இழுத்து, கேட்காத ஹேர் ஸ்பாவையும் சேர்த்து 450 ரூபாய் பில். வீட்டுக்கு வந்ததும் நான் கத்தினேன், அவன் அப்பா போனில் கத்தினார், அதற்கெல்லாம் அவன் அசையவில்லை. ராத்திரி பத்து மணிக்கு மேல் போர்வைக்குள் அழுதான். என்னடா கண்ணு என்று கேட்டால், வகுப்பு குரூப்பில் ஒரு பையன் 'கோழிக்கொண்டை' என்று போட்டுவிட்டானாம். போட்டது யாரென்று பார்த்தால், கடையில் பக்கத்தில் நின்று 'இதுதாண்டா உனக்கு செட் ஆகும்' என்று தேர்ந்தெடுத்துக் கொடுத்த அதே கூட்டாளி.

சாயம் வளர்ந்து வெட்டுப்படுகிற நிலைக்கு வந்ததும் பக்கத்து வீட்டு அக்கா சொல்லித்தான் இங்கே வந்தோம். நான் ஸ்கூட்டியில், பின்னாலேயே சைக்கிளில் அவனுடைய ஐந்து பேர் பட்டாளம். ஆறு பேரும் ஒரே நேரத்தில் உள்ளே நுழைந்து, ஒருவன் போனை நீட்டி, ஒருவன் 'சைடுல ஜீரோண்ணா', இன்னொருவன் 'இல்லண்ணா, மிட் ஃபேட் வெச்சு மேல விட்டுருங்க' என்று ஆளாளுக்கு ஆர்டர். தலைக்குச் சொந்தக்காரன் மட்டும் பேசவில்லை.

அண்ணன் சீப்பைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "யாருக்குடா கண்ணு கட்டிங்?"

ஐந்து கை என் பையனைக் காட்டியது.

"செரி, அப்ப மத்தவீங்கெல்லாம் வெளிய நில்லுங்க. அக்கட்டால பஜ்ஜிக் கடை இருக்குது பாருங்க, போங்க. ஒருத்தன் மட்டும் உள்ள."

பட்டாளம் முனகிக்கொண்டே வெளியேறியது. நான் பெஞ்சில் வசதியாக உட்காரப் போனேன். என்னைத் திரும்பிப் பார்த்து, "டீச்சரு, நீங்களுந்தானுங்க" என்றார்.

எனக்குச் சுருக்கென்று இருந்தது. காசு கொடுக்கப் போவது நான். ஆனால் அந்தக் குரலில் சண்டை போட இடமே இல்லை, எழுந்து வந்துவிட்டேன். வாசலில் நின்று கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தேன். பையன் போனை எடுத்துக் காட்டினான். அவர் குனிந்து பார்த்துவிட்டு ஏதோ கேட்டார். இவன் தோளைக் குலுக்கினான். அவர் மறுபடி கேட்டார். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்புறம் அவன் போனைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் ஓர் அங்குலம் விரித்துக் காட்டினான். வெளியே வந்த தலை போட்டோவில் இருந்த தலை இல்லை. பக்கத்தில் குறைத்து, மேலே சீவுகிற அளவுக்கு விட்ட, சாதாரண, அவனுடைய முகத்துக்குப் பொருந்துகிற தலை.

என்ன கேட்டீர்கள் என்று பிறகு ஒருநாள் விசாரித்தேன். "பெருசா ஒண்ணுமில்லீங்க டீச்சரு. இது உனக்குப் புடிச்சிருக்குதா, வெளிய நிக்கறவீங்களுக்குப் புடிச்சிருக்குதான்னேன். தல உன்றதா, அவீங்க அஞ்சு பேர்த்துதான்னேன். அவ்ளோதானுங்க."

நான் பி.எட். படித்தவள். எரிக்சன் என்கிற உளவியலாளர் மனித வளர்ச்சிக்குச் சொன்ன எட்டு நிலைகளையும், அதில் ஐந்தாவதான வளரிளம் பருவத்தில் 'நான் யார்' என்கிற கேள்வி வருவதையும் மனப்பாடமாக எழுதி மார்க் வாங்கியவள். பிறகு வீட்டில் ஒரு வளரிளம் பருவம் முளைத்ததும் பயந்துபோய் இன்னும் கொஞ்சம் தேடிப் படித்தேன். 2005இல் கார்ட்னர், ஸ்டெயின்பெர்க் என்று இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 306 பேரைக் கணினியில் கார் விளையாட்டு ஆடவிட்டுப் பார்த்தார்கள். மஞ்சள் விளக்கு விழுந்த பிறகும் வண்டியை எவ்வளவு தூரம் விடுகிறாய் என்பதுதான் விளையாட்டு. சிலரைத் தனியாக ஆடவிட்டார்கள், சிலரை இரண்டு கூட்டாளிகள் பக்கத்தில் இருக்க ஆடவிட்டார்கள். 24 வயதைத் தாண்டியவர்களுக்குப் பக்கத்தில் யார் இருந்தாலும் ஒன்றுதான். 13 முதல் 16 வயதுப் பிள்ளைகளோ, கூட்டாளிகள் பார்க்கிறார்கள் என்றதும் துணிந்து வண்டியை விட்டார்கள். அதே வயதுப் பிள்ளைகள் தனியாக ஆடியபோது அவ்வளவு துணியவில்லை. இதைப் படித்தபோது எனக்கு ஆய்வுக்கூடம் கண்ணில் வரவில்லை, அண்ணன் பஜ்ஜிக் கடைப் பக்கம் கையைக் காட்டியதுதான் வந்தது.

ஆனால் ஆளை வெளியே அனுப்பிவிட்டால் கூட்டமும் போய்விட்டது என்று அர்த்தம் இல்லை. கடையில் எதிரெதிராக இரண்டு கண்ணாடி, முன்னால் பார்த்தால் பின்மண்டை தெரியும், அதற்குள் இன்னொரு முகம், அதற்குள் இன்னொரு பின்மண்டை என்று போய்க்கொண்டே இருக்கும். என் பையன் வெட்டி முடித்ததும் உடனே இறங்க மாட்டான். வலது பக்கம் திரும்பிப் பார்ப்பான், இடது பக்கம், தாடையைத் தூக்கி ஒருமுறை, தாழ்த்தி ஒருமுறை, ஸ்பிரே பாட்டிலை அவனே எடுத்து இரண்டு பீச்சு பீச்சி, நெற்றியில் நாலு முடியை இழுத்து விட்டு, அதில் ஒன்றைத் திருப்பி மேலே தள்ளி. அந்த ஒரு முடியை யார் பார்க்கப் போகிறார்கள் என்று நமக்குத் தோன்றும். அவனைக் கேட்டால் உலகமே பார்க்கிறது. எல்கைண்ட் என்பவர் 1967இல் இதற்குக் கற்பனைப் பார்வையாளர்கள் என்று பெயர் வைத்தார். அதற்கும் முன்பே, 1902இல், கூலி என்கிற சமூகவியலாளர் மற்றவர்களையே கண்ணாடியாக்கிச் சொன்னார்: அடுத்தவன் கண்ணில் நான் எப்படித் தெரிவேன், அதைப் பார்த்து அவன் என்ன நினைப்பான் என்று நாமே ஊகித்து, அந்த ஊகத்துக்கு நாமே பெருமைப்படுகிறோம், நாமே வெட்கப்படுகிறோம். கூலி எங்கே முடி வெட்டிக்கொண்டார் என்று தெரியாது, எதிரெதிர்க் கண்ணாடி வைத்த கடையாகத்தான் இருக்க வேண்டும்.

இது எப்போதும் பலிக்கிற மந்திரம் என்றும் நினைத்துவிடாதீர்கள். இரண்டாவது மாதமே, அண்ணன் தனியாக உட்கார வைத்துக் கேட்டும், பையன் அந்தக் கோழிக்கொண்டைக் கூட்டாளி வைத்திருந்த கட்டிங்கையே அச்சு மாறாமல் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தான். எனக்குக் கோபம். "கேக்கறது நம்ம வேலைங்க, பதிலு அவனுது" என்றார், 130 ரூபாயை வாங்கிக் கல்லாவில் போட்டுக்கொண்டே.

அந்தக் கூட்டாளியைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஒரு வருடம் வீட்டில் அவன் பெயரை நான் எடுத்ததே இல்லை, 'அந்தச் சகவாசம்' என்றுதான் சொல்வேன். அதே சகவாசம்தான் போன தை மாதம் என் பையனை இழுத்துக்கொண்டு போய்ப் பெருஞ்சலங்கையாட்டப் பயிற்சியில் சேர்த்தது. நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் என் முந்தானைக்குப் பின்னால் ஒளிந்த பிள்ளை, இப்போது பொழுதோட காலில் சலங்கையைக் கட்டிக்கொண்டு ஜமாப் மேள அடிக்கு ஆடிவிட்டு வேர்க்க விறுவிறுக்க வருகிறான். நான் ஆயிரம் தடவை சொல்லியும் நடக்காதது, 'நீ வந்தாத்தான் நானும் வருவேன்' என்று அவன் சொன்ன ஒரே சொல்லில் நடந்தது. சாயம் அடிக்க வைத்ததும் அந்தக் கைதான், சலங்கை கட்ட வைத்ததும் அந்தக் கைதான்.

அண்ணனின் சொந்தக் கதை எனக்கு ஒரே நாளில் தெரியவில்லை, இரண்டு வருடத்தில் துண்டு துண்டாகக் கிடைத்தது. அவருடைய தாத்தா கொங்குக் கல்யாணங்களில் மங்கல வாழ்த்து பாடிய குடிமகன், அதாவது நாவிதர். நம் பக்கத்துக் கல்யாணம் பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்தப் பாட்டைப் பாடும் உரிமை நாவிதருக்குத்தான், தாத்தாவுக்கு முழுப் பாட்டும் தலைகீழ்ப் பாடம். அப்பாவும் இதே தொழில். இவருக்கு லேத் பட்டறையில் சேர ஆசை. பதினைந்து வயதில் ஒரு செவ்வாய்க்கிழமை, கடை லீவு நாள், அப்பா கூப்பிட்டுக் கையில் கத்தியைக் கொடுத்துத் தன் தாடையைக் காட்டி 'மழி' என்றாராம். "என்னய யாரும் கேக்கலீங்க டீச்சரு. நானும் சொல்லலீங்க." அவ்வளவுதான் சொன்னார், சொல்லிவிட்டு அடுத்த ஆளுக்குத் துணியை உதறிப் போர்த்தினார்.

மார்சியா என்கிற உளவியலாளர் 1966இல், பிள்ளைகள் தங்கள் அடையாளத்துக்கு வந்து சேர்கிற நிலைகளை நாலாகப் பிரித்தார். அதில் ஒன்று, தேடிப் பார்க்காமலே, பெரியவர்கள் எடுத்துக் கொடுத்ததை அப்படியே மாட்டிக்கொள்வது. பரீட்சையில் இதற்கு 'டாக்டர் மகன் டாக்டர்' என்று உதாரணம் எழுதினேன். சாதியே தொழிலைக் கையில் திணிக்கிற ஊரில் இருந்துகொண்டு அந்த உதாரணத்தை எழுதியிருக்கிறேன், இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. என் வீட்டுக்காரரையும் அதே கணக்கில் சேர்க்கலாம். ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூ நாமக்கல் பக்கம் ஒரு ஹாஸ்டல் பள்ளியில். பிராய்லர் பள்ளி என்று நாம் கிண்டல் பண்ணுவோமே, அந்த வகை. மாதம் ஒருமுறை வரிசையில் நிற்கவைத்து எல்லாத் தலைக்கும் ஒரே மெஷின், ஒரே நம்பர். அப்புறம் என்ஜினியரிங், அப்புறம் திருப்பூரில் கம்பெனி. 44 வயதில் இப்போது பிடரி வரை முடி வளர்க்கிறார். ஏனுங்க இது என்றால் சிரிக்கிறார். மற்றவர்கள் பதினாறில் பண்ணுவதை அவர் தவணை முறையில் பண்ணுகிறார் என்று விட்டுவிட்டேன்.

என் குற்றத்தையும் ஒத்துக்கொள்கிறேன். ஆறாவது முதல் எட்டாவது வரை கணக்கு நடத்துகிறேன், காலை அசெம்பிளியில் 'விரலில் பிடித்தால் முடி சிக்கக் கூடாது' என்று பையன்களைத் தனியாக நிறுத்தி வைத்தவளும் நான்தான். புள்ளிங்கோ கட்டிங் என்று எங்கள் ஸ்டாஃப் ரூமில் பேசாத பேச்சில்லை. அண்ணனுக்கு ஊரில் உள்ள பள்ளிக்கூடங்களின் சட்டமெல்லாம் அத்துப்படி. பையன் சட்டை பேட்ஜைப் பார்த்ததுமே "அந்த ஸ்கூலா, சைடுல ஒன் நம்பருக்கு மேல போனா வாசல்லயே நிறுத்திருவாங்க" என்பார். சொல்லிவிட்டு ஒரு வித்தை செய்வார். மேல்முடியை ஒரு அளவில் விடுவார், காலையில் எண்ணெயும் தண்ணீரும் தொட்டுப் படிய வாரினால் அசெம்பிளிக்கு உத்தமமான தலை, நாலரை மணிக்கு பெல் அடித்ததும் விரலை விட்டு ஒரு கோது கோதினால் வேறு தலை. ஒரே கட்டிங், இரண்டு ஆள். என் வகுப்பில் குறைந்தது நாலு தலைகள் இந்தக் கடையில் வெட்டியவை என்று எனக்குத் தெரியும். நான் வாயைத் திறப்பதில்லை.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அவர் கேட்பதை விட்டுவிட்டுச் சொல்வதைப் பார்த்திருக்கிறேன். பாரியூர் குண்டம் நோம்பிக்கு, அதாவது தீமிதித் திருவிழாவுக்கு, முந்தின வாரம், கடை நிறையக் கூட்டம். ப்ளஸ் ஒன் படிக்கிற ஒரு பையன், கையில் கலர் கயிறு. எந்தச் சாதி என்று பார்த்தவுடனே தெரிய வேண்டும் என்றே கட்டுகிற கயிறு. நாங்குநேரியில் 2023இல் சக மாணவர்களே ஒரு பையனை வீடு புகுந்து வெட்டிய பிறகு அமைத்த நீதிபதி சந்துரு குழு, பள்ளிகளில் இந்தக் கயிறே கூடாது என்று 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது நினைவிருக்கும். அந்தப் பையனுக்குத் துணியைப் போர்த்தும்போது அண்ணன் கயிற்றைத் தொட்டு, "இது நீயாக் கட்டுனதா, கட்டி உட்டாங்களா சாமி?" என்றார். கட்டிவிட்டார்கள் என்றான். "வெட்டறப்ப முடி சிக்கும், கழட்டி வெய்யி." அவன் கழற்றி அலமாரியில் பவுடர் டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தான். வெட்டி முடித்துப் போகும்போது எடுத்துக் கட்டிக்கொண்டுதான் போனான். அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை, அவன் போன பிறகு பவுடர் டப்பாவை நகர்த்தி அந்த இடத்தைத் துடைத்தார்.

குறை என்று நான் நிஜமாகவே நினைப்பது, பக்கத்து நாற்காலி. உதவிக்கு இருக்கிற பையனுக்கு இருபது வயதுதான், கை சுத்தம், வேகமாக வெட்டுவான், ஆனால் கேட்க மாட்டான். தனக்கு என்ன கட்டிங் பிடிக்குமோ அதையே எல்லாருக்கும் வெட்டுவான், பிள்ளைகளும் அவன் போட்டிருக்கிற கடுக்கனைப் பார்த்து அசந்துபோய்த் தலையை ஆட்டிவிடுவார்கள். வரிசை நீளமாக இருக்கிறது என்று அந்த நாற்காலிக்குப் போகாதீர்கள், காத்திருந்தாலும் அண்ணனிடமே உட்காருங்கள். துண்டு எல்லாருக்கும் ஒன்றுதான், வீட்டிலிருந்து கொண்டுபோவது நல்லது. பிளேடு மட்டும் கண் முன்னால் பிரித்துப் போடுவார், கடைசியில் படிகாரக் கல்லால் ஒரு தேய்ப்பு.

இன்னொன்று கடையின் குறை இல்லை, ஊரின் குறை. என் மகளுக்குப் பன்னிரண்டு வயது. இடுப்பு வரை முடி, தினமும் ரெட்டை ஜடை, ரிப்பன். போன லீவில் பாய் கட்டிங் வேண்டும் என்றாள். பியூட்டி பார்லருக்குக் கூட்டிப் போனேன். அங்கிருந்த அம்மணி அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை, அவள் தலைக்கு மேலாக என்னைப் பார்த்து, "வீட்ல அப்பாகிட்டக் கேட்டீங்களா? நாளைக்குச் சீர் செய்யறப்ப பூ வைக்கக்கூட முடியாதுங்களே" என்றார். அம்மிச்சியிடமிருந்து போன், அத்தையிடமிருந்து போன். பையன்களின் தலைக்கு ஐந்து கூட்டாளிகள்தான் பாத்தியதாரர்கள், இவள் தலைக்கு ஒறம்பரை, சொந்தபந்தம் மொத்தமும். அத்தனை பேரையும் வெளியே நிற்கச் சொல்ல எந்த பஜ்ஜிக் கடையும் போதாது. அன்றைக்கு வெட்டாமலே திரும்பி வந்தோம்.

இரண்டு வாரம் கழித்து, கடைக்கார அண்ணன் அந்தப் பட்டாளத்தை வெளியே அனுப்பிய கதையைக் கேட்டுவிட்டு, அங்கேயே வெட்டிக்கொள்கிறேன் என்றாள். ஆண்கள் கடை, ஒத்துக்கொள்ள மாட்டார் என்று நினைத்தேன். செவ்வாய்க்கிழமை கதவை அரைவாசி திறந்து வைத்து வரச் சொன்னார். அவளை நாற்காலியில் உட்கார வைத்து, துணியைப் போர்த்தி, என்னைத் திரும்பிப் பார்த்தார். சொல்வதற்கு முன்பே எழுந்துவிட்டேன். வெளியே போய் ஒரு வாழைக்காய் பஜ்ஜி வாங்கிக்கொண்டு நின்றேன். தோள் வரைக்கும் போதும் என்று வந்தாள், பாய் கட்டிங் இல்லை. ஏண்டி, கடைசியில் பயந்துட்டியா என்று கேட்டேன். "இல்லம்மா. கேட்டாரு. யோசிச்சேன்" என்றாள். அவளுக்கு எவ்வளவு என்று கேட்டதற்குக் காசு வாங்கவில்லை, லீவு நாளில் கல்லாவைத் திறக்க மாட்டாராம்.

கூட்டாளிகள் பேச்சை எதிர்த்து நிற்கிற திராணி 14 வயதிலிருந்து 18க்குள்தான் மெல்ல மெல்ல ஏறுகிறது என்று ஸ்டெயின்பெர்க்கும் மோனகனும் 2007இல் எழுதியிருக்கிறார்கள். மாதம் ஒன்று என்று வைத்தால் நாலு வருடத்துக்கு 48 கட்டிங். என் பையனுக்கு இன்னும் முப்பத்துச் சொச்சம் பாக்கி இருக்கிறது.

கட்டிங் 130, ஃபேட் என்றால் 180, சேவிங் 70. ஜிபே உண்டு, அட்டை கல்லாவுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும், கேட்டால்தான் காட்டுவார்கள். காலை ஏழு மணிக்குத் திறந்து ராத்திரி ஒன்பது வரை. நோம்பி சமயத்திலும் ஞாயிற்றுக்கிழமையும் போகாதீர்கள், புதன் சாயங்காலம் கூட்டம் குறைவு. ஐந்துக்கு நாலு. ஒன்றைக் குறைத்தது அந்தப் பெஞ்சுக்காக.